முகத்துவாரத்தைச் சுருக்கியவன்

துண்டறிக்கை கொடுத்தால் வாங்கியவர் படிக்காமல் மடித்தாவது வைப்பார். வீடியோ அனுப்பினால் "தெறக்கலையே" என்று நம்மையே குற்றவாளி ஆக்குவார். வீடியோ அனுப்பி அவமானப்பட்ட தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டு துண்டறிக்கை எழுதியவன் நான். இப்போது பழவேற்காடு ஏரிப் போராட்டக் குழுவின் தலைவர், கூடவே வீடியோ பொறுப்பாளர். வீடியோ பொறுப்புக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது. கடல் தண்ணீர் உள்ளே வராததால் இறால் இல்லை. மீன்வளத்துறை அலுவலகக் கோப்பிலோ "முகத்துவாரம் திறந்துள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய் என்று, எங்கள் மனுமீது அங்கே நடக்கும் விசாரணையில் படம் காட்டினால்தான் மணலை அள்ளுவார்கள்.

முதல் படம்

படகில் நின்று, கை நடுங்காமல், நாலு நிமிடம் எடுத்தேன். ஊர் குரூப்பில் போட்டேன். போகிற வழியில் அது தானாக நசுங்கிப்போய், மணல்மேடு, தண்ணீர், வானம் எல்லாம் ஒரே சாம்பல் சதுரங்களாகப் போய்ச் சேர்ந்தது. படகுக்காரர் தேசப்பன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இன்னாண்ணே, மணலுன்ற, எனுக்குக் கல்லுல தீஞ்ச தோசையாட்டம் கீதே!"

கொள்கைத் தேர்வு

பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் போனேன். அவர் விளக்கினார். எடுத்தபடியே வைத்தால் வீடியோ மலை மாதிரி இடம் பிடிக்கும். சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். சுருக்கும் முறைகள் பல. ஹெச் 264 பழையது, எந்தப் போனிலும் ஓடும். ஹெச் 265 அதில் பாதிதான் இருக்கும், ஆனால் ஆளுக்கொரு பக்கம் காப்புரிமைப் பணம் கேட்பார்கள். ஏவி1 இன்னும் சிறியது, உரிமைத்தொகை வேண்டாம் என்று பொதுவில் விட்டது. இணைய வீடியோ எல்லாம் இனி அந்தப் பக்கம்தான் போகும் என்றார்.

பொதுவில் விட்டது என்று கேட்டதுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏரியைப் பொது என்று சொல்லி அடி வாங்கியவன், காப்புரிமைக்காரனின் பெட்டியிலா ஏரியை அடைப்பேன்? ஏவி1-தான் என்று அறிவித்தேன். பழைய வடிவம் இனி எதற்கு என்று என் போனில் இருந்த அசலை அழித்தேன், சுருக்கி முடிந்ததும் கடைக் கணினியில் இருந்ததையும் அழிக்கச் சொன்னேன். சலீம் பாயின் கணினி விடிகாலை ஃபஜர் தொழுகைக்குச் சுருக்கத் தொடங்கி மாலை அஸர் தொழுகை வரை முனகியது. முடிந்த படத்தை என் போனில் ஏற்றினால் ஓடவில்லை. எதிர்காலத்தில் ஓடும் என்றேன்.

"தோழரே, போராட்டம் ஜெயிச்சாலும் உங்க போன் பழசுதானே?"

டவர் பாடு

எங்கள் குப்பத்தில் சிக்னல் கிடைப்பது ஐஸ் ஷெட் பக்கத்து மேட்டில் மட்டும். பத்துப் பேர் ஒன்றாக நின்றால் ஒருவருக்கும் போகாது. ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். அதே மாதிரி மேட்டுக்கும் பாடு வைக்க ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. சீட்டில் ஆண்கள் பெயர் மட்டும் எழுதினார்கள். எனக்கு வலையே இல்லை. ஆனாலும் தலைவர் என்று ஒரு சீட்டு. அதை நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். சுருங்கிய படம் என் முறைக்குள்ளேயே அலுவலக மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. காலரைத் தூக்கிவிட்டபடி மேட்டிலிருந்து இறங்கினேன்.

கீழே மீன்கூடையோடு நின்ற தேசம்மா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "ஏரியிலதான் பொம்பளைக்குப் பாடு இல்ல, டவர்லயாவது குடுங்கய்யா! சிக்னலு இன்னா உங்க நைனா வலைல மாட்ன மீனா?"

மறுநாள் பெண்களுக்கும் சீட்டு எழுதினார்கள்.

விசாரணை

அதிகாரி என் படத்தைத் திறந்தார். திரை கறுப்பு. உள்ளே காற்றுச் சத்தம், படகு என்ஜின், நடுவில் என் குரல்: "பாருங்கள், மணலைப் பாருங்கள்!" மூன்று முறை போட்டார். மூன்று முறையும் நான் இருட்டிலிருந்து கத்தினேன்.

எழுந்து நின்றேன். காப்புரிமையின் சுரண்டலையும் பொது வடிவத்தின் வரலாற்றுத் தேவையையும் விளக்கினேன். இன்னும் சில ஆண்டுகளில் எல்லாக் கருவியிலும் இந்தப் படம் ஓடும் என்றேன். இதில் எதையும் நான் இன்றும் வாபஸ் வாங்கவில்லை.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப விசாரணையையும் அன்னைக்கே வெச்சுக்கலாமா சார்?"

தேசம்மாவின் சாட்சியம்

கோப்பை மூட அதிகாரியின் கை போனது. மூடினால் அடுத்த மழைக்காலம் வரை மணல் அப்படியேதான். பின் வரிசையிலிருந்து தேசம்மா வந்தாள். "நீ குந்து தலைவரே" என்று என்னை உட்காரவைத்து, மூலையில் விரிசல் விட்ட தன் போனைக் குமாஸ்தாவிடம் நீட்டினாள். அவர் ஒயரை மாட்டினார். சாதாரணப் பழைய வடிவம், தொட்டதும் ஓடியது.

அரை நிமிடப் படம். கூட வந்த கூடைக்காரி எடுத்தது. தலையில் கூடையோடு தேசம்மா முகத்துவாரத்தின் ஒரு கரையில் இறங்கி, நடுவில் நின்று இடுப்பில் கை வைத்து, யாரையோ திட்டிவிட்டு, மறு கரையில் ஏறுகிறாள். படகு போகவேண்டிய இடத்தில் தண்ணீர் அவள் கணுக்காலுக்கு. படம் ஆடுகிறது, முகம் கலங்கித் தெரிகிறது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெளிவாக இல்லையே என்று இழுத்தார்.

"என் மூஞ்சி எதுக்கு சார்? பொடவ நனையல, அது தெரியுதா?"

எதிர்காலம் நான் தேர்ந்தெடுத்த வடிவத்துக்குத்தான் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன், ஆனால் மணல் அள்ளும் உத்தரவு தேசம்மாவின் வடிவத்தைப் பார்த்து வந்துவிட்டது.