மந்திரி என்று சொன்னாள்

மைனியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சதுரங்கப் பலகை. இன்றைக்கும் அந்த அறை நினைவில் வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மைனி என் அண்ணன் மனைவி, மலையாளம் புழங்கும் ஒற்றசேகரமங்கலத்துக்காரி. முதல் கர்ப்பம் கலைந்து இரண்டாவது தங்கியிருந்த நேரம். குளியலறைக்குத் தவிர எழும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா இருக்கத் தெரியாதவளை மாதக்கணக்கில் எப்படிப் படுக்க வைப்பது? அண்ணன் வளைகுடாவில் இருந்தான். பாறசாலை வீட்டில் அவளைப் பிடித்து வைக்க எனக்கு வாய்த்தது சதுரங்கம் மட்டும்தான்.

எனக்கு ஆட்டம் சொல்லித்தந்தவன் அண்ணன். அவன் நாகர்கோவில் கல்லூரியில் படித்தபோது பழகியது. மைனிக்கு அவள் அப்பா ஊர் கிளப்பில் கற்றுக்கொடுத்தது. அவரவர் கையால் காய் நகர்த்தியதால் பெயர் சொல்லும் தேவையே எங்களுக்கு வரவில்லை.

அன்று நாலைந்து நகர்த்தல் ஆனதும் முதுகு கடுக்கிறது என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பலகை அவள் மனதில் இருந்தது. "மந்திரிய வச்சு ராஜாவுக்கப் பக்கத்துக் காலாள வெட்டு மக்கா," என்றாள். எனக்கு மந்திரி என்றால் குறுக்காகப் போகும் காய். அதைக்கொண்டு வெட்டினேன். அவளுடைய ராணியும் அதே காலாளைக் குறிவைத்து நின்றிருந்தாள். ராணி வெட்டியிருந்தால் என் ராஜா அங்கேயே செத்திருப்பான். இவ்வளவு கெட்டிக்காரி இதை எப்படி விட்டாள் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. ஜெயிக்கும் ஆசை என் வாயை அடைத்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததல்லவா என்றாள். இல்லை, ராஜா ஓரடி நகர்ந்துவிட்டான் என்றேன். திரும்பிப் பார்த்தவளுக்கு முகம் சிவந்தது. "நான் சொன்னத நீ வைக்கல்ல. இது கள்ளக்களி." கள்ள ஆட்டம் ஆடிவிட்டேனாம்.

"தோத்தா தோத்தேன்னு சொல்லணும் மைனி," என்றேன். அந்த நாக்கை என்ன செய்வது?

அவள் எழுந்தாள். நான் கூப்பிடக் கூப்பிடக் கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் கோரினாள். மூன்றாம் நாள் குழந்தை கலைந்தது. எழுந்ததால் அல்ல, எப்படியும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். நான் நம்பினேனா, அவள் நம்பினாளா என்று இன்றும் தெரியாது.

நெய்யாற்றின்கரை நூலகத்தில், புதிதாக ஆடுகிறவர்களுக்கான மலையாளப் புத்தகம் ஒன்று பல மாதம் கழித்துக் கையில் கிடைத்தது. மந்திரி: ராஜாவின் அருகில் நிற்கும், எல்லாத் திசையிலும் போகும். நாங்கள் ராணி என்பதைத்தான் மைனி ஊர்க்காரர்கள் மந்திரி என்கிறார்கள். நின்றபடியே மூன்று தடவை வாசித்தேன். நான் கள்ளியில்லை. அந்த நிம்மதி பேருந்து நிறுத்தம் வரைகூட வரவில்லை. இதை மைனியிடம் சொன்னால் என் பெயர் தெளியும். ஆனால் வெறும் ஒரு சொல்லுக்காகவா எழுந்து நடந்தேன் என்று அவள் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொள்ள வேண்டிவரும். சொல்லவில்லை.

பிறகு மைனிக்குப் பிறந்த மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். போனில் ஆட்டம் கற்றவள், அவளுக்கு எல்லாம் குயீன், பிஷப்தான். ஆனாலும் அவள் பலகையை விரிக்கும்போதெல்லாம் யாராவது மந்திரி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். போன ஓணத்துக்கு நானும் அவளும் ஆட உட்கார்ந்தோம். மைனி சிரித்துக்கொண்டே மகளிடம், "மாமிகிட்ட பாத்து ஆடு. அவ பண்டே கள்ளக்களியாக்கும்," என்றாள்.

வீடே சிரித்தது.

"உள்ளதாக்கும், மைனி," என்று ஒத்துக்கொண்டேன்.