பின்கட்டில் பிரித்த பாளைகள்

சீதாலெட்சுமி பாக்குப் பாளையைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே பூ முதிர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னப் பூக்கடை. மாலை கட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். பாளை பிரிக்க அவரைத்தான் தேடி வருவார்கள்.

மூடிய பாளையின் மேல் மெல்லிய வரி ஒன்று ஓடும். கத்தி முனையை அந்த வரியில் தோலளவுக்கு மட்டும் இறக்க வேண்டும். பிறகு கத்தியை வைத்துவிட்டு விரலால் பிரிக்க வேண்டும். உள்ளே நடுத்தண்டு, தண்டிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து இன்னும் மெல்லிய கிளைகள், எல்லாவற்றிலும் அரிசிபோலப் பூ. தாவரவியலில் இதைக் கிளைத்த மஞ்சரி என்பார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் அத்தனையும் அறுந்து கொட்டிவிடும். வீட்டிலேயே பிரித்து எடுத்துவரவும் முடியாது. நேரம் ஆக ஆகப் பூ கறுத்துவிடும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கணவர் தம்புசாமி லோரி விபத்தில் இறந்தார். அப்போது செந்தூலில் குடியிருந்தார்கள். மூன்றாம் மாதமே சீதாலெட்சுமி வீட்டை மாற்றினார். பொட்டை அழிக்கவில்லை. யாராவது கேட்டால், "அவருக்கு ஜொகூர்ல வேலை" என்பார். பொய்தான். ஆனால் கணவன் செத்தால் மனைவியின் விரல்களுக்குத் தொழில் மறந்துபோகும் என்று நம்பும் ஊரில், அந்தப் பொய்க்கு அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் கிள்ளானில் ஒரு திருமணம். மணப்பெண் புனிதா வீட்டு வழக்கப்படி, அவள் அறை வாசலில் பாளையைப் பிரித்து, அதை ஏந்தியபடி முன்னே நடந்து அவளை மேடைக்கு அழைத்துப்போக வேண்டும். முகூர்த்தம் பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு சீதாலெட்சுமி அந்த வாசலில் உட்கார்ந்து முதல் பாளையை மடியில் வைத்தார். ஒன்று கெட்டால் இன்னொன்று ஆகட்டும் என்று எப்போதும் இரண்டு கொண்டு வருவார்.

"ஏய், நில்லு!"

மாப்பிள்ளையின் அத்தை தங்கமணி. அவரும் முன்பு செந்தூல்காரர்.

"நீ தம்புசாமி பொண்டாட்டிதானே? அவருதான் லோரி மோதிப் போய்ட்டாரே. தாலி அறுத்தவ கை பட்டா இந்தக் குடும்பம் வெளங்குமா? கொண்டா இங்க!"

பாளையையும் கத்தியையும் பிடுங்கிக்கொண்டார். தான் சுமங்கலி என்ற தைரியத்தில் ஒரே இழுப்பு. கத்தி அடிவரை இறங்கியது. கிளைகள் அறுந்து தரையெல்லாம் பூ சிதறியது.

கூட்டத்தில் யாரோ "ஐயோ, அபசகுனம்" என்றார்கள். மணி ஒன்பது ஐம்பது.

"வேற வாங்குங்க லா, பாசார்ல இல்லாமலா போகும்?" என்றார் தங்கமணி.

"முன்னாடியே சொல்லி வெச்சாத்தான் மரத்துலேர்ந்து வெட்டுவாங்க ஆன்டி" என்றார் சீதாலெட்சுமி.

மணப்பெண்ணின் அப்பா ரெங்கசாமி சீதாலெட்சுமியின் காதருகே குனிந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இன்னொண்ண பின்னாடி கிச்சன்ல போயி பிரிச்சிட்டு வந்துருங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

எட்டு ஆண்டுகளாக அவர் செய்தது அதுதான். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, எந்த மண்டபமானாலும் பின்கட்டு, பாத்திரம் கழுவுகிற இடம். அந்தப் பாளையைத்தான் முன்வாசலில் மங்கலம் என்று ஏந்திப் போனார்கள். இப்போதும் தலையாட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் விஷயம் நாலு பேரோடு முடிந்திருக்கும். அடுத்த திருமணங்களும் கையில் நின்றிருக்கும்.

"இங்கயேதான் பிரிப்பேன் அண்ணே. இல்லேன்னா தூக்கிட்டுப் போறேன்."

"திமிரப் பாரு!" என்றார் தங்கமணி.

சீதாலெட்சுமி கைத்தொலைபேசியை எடுத்தார். பிரித்த ஒவ்வொரு பாளையையும் முன்வாசலில் கொடுக்குமுன் அவர் படம் எடுத்து வைப்பார். தேடி எடுத்து நீட்டினார். விரிந்த பாளை, பின்னால் வரவேற்புப் பலகை: தாமரை – யுகேந்திரன். பங்சார் மண்டபம், ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி.

"உங்க மக கல்யாணம் ஆன்டி. அலங்காரம் செஞ்சவங்க கூப்பிட்டாங்க, நான்தான் பிரிச்சேன். என் வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் கழிச்சு. தாமரை நல்லாத்தானே இருக்கு?"

தங்கமணி படத்தைப் பார்த்தார். "ரெண்டு பிள்ளைங்க" என்றார் மெதுவாக. யாரும் கேட்காத விவரம்.

அறைக்குள்ளிருந்து புனிதாவின் குரல் வந்தது. "அப்பா, பத்தாகப் போகுது! அக்காவே பிரிக்கட்டும் லா, என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

ரெங்கசாமி ஒதுங்கி வழிவிட்டார்.

சீதாலெட்சுமி வாசலில் உட்கார்ந்து இரண்டாவது பாளையின் வரியைத் தேடினார். கத்தி முனை தோலோடு நின்றது. விரலால் பிரித்தார். பால்நிறக் கிளைகள் ஒன்றுகூட அறாமல் விரிந்தன. அந்த மஞ்சரியில் கிளை முழுக்க இருப்பவை ஆண் பூக்கள். அவை முதலில் உதிர்ந்துவிடும். அடியில் இருக்கும் பெண் பூக்கள் உதிராமல் நின்று காயாகும். அவற்றை அமங்கலம் என்று எந்தப் பாக்கு மரமும் ஒதுக்குவதில்லை.

மறுநாளே ஒரு வீட்டார் கூப்பிட்டு, வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். புதன்கிழமை இன்னொருவர். வெள்ளிக்கிழமை கம்போங் மேடானிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். மகள் திருமணமாம். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

சீதாலெட்சுமி அவளை முடிக்க விடவில்லை. "வீட்டுக்காரர் இல்லாதவ நான். பாளைய முன்வாசல்லதான் பிரிப்பேன். சரியா?"

"தெரியும்க்கா. நானும் அப்படித்தான். அதான் கூப்பிட்டேன்."

"எத்தனை மணிக்கு முகூர்த்தம்?" என்றார் சீதாலெட்சுமி.