அம்மா கேட்ட மூசாம்பரம்

அத்தாவுக்கு எந்த வார்த்தையானாலும் அதன் வேர் தெரிந்தாக வேண்டும். பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்கட்டில் பத்துப் பதினைந்து பையன்களுக்கு அரபி சொல்லிக்கொடுத்தார். மூன்றே எழுத்து, அதிலிருந்து ஒரு குடும்பமே பிறக்கும் என்பார். வீட்டுக்குள் இருந்த குடும்பத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. டிபி என்றார்கள். வெள்ளிக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும், தம்பிக்கு இனி ஒரு வாய்கூடப் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பிக்கு ஒன்றே கால் வயது. பால் குடிக்காமல் தூங்கவே மாட்டான்.

பால் மறக்கடிக்க எங்கள் பக்கத்தில் மார்பில் மூசாம்பரம் தடவுவார்கள். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி. அதை வாங்கிவர அம்மா என்னைக் கூப்பிட்டபோது, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அத்தா ஆரம்பித்தார்.

"மூசாம்பரமும் அரபிதான். பொறுமையை ஸபூர்னு சொல்றோமே, அதே வேரு. நோன்பு மாசத்துக்கும் அந்தப் பேரு உண்டு. ஒருத்தனைக் கட்டிப்போடுறதுக்கும் அதேதான்."

"வேரை நீங்க வச்சுக்குங்க. கசப்பு எம்புள்ளைக்குத்தானே," என்றாள் அம்மா.

காந்தி மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கை சும்மா இருக்குமா? வழியில் பிரித்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். வீடு வரைக்கும் துப்பிக்கொண்டே வந்தேன். இதையா பச்சைப்பிள்ளை வாயில் வைப்பது என்று அம்மாமேல் அப்படியொரு கோபம். கட்டியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, அடுப்படியில் இருந்த கருப்பட்டியில் அதே அளவுக்கு உடைத்து, அதே காகிதத்தில் மடித்து நீட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். கல்லில் நீர் விட்டு நிதானமாக இழைத்துத் தடவிக்கொண்டு தம்பியை எடுத்தாள். அவன் சப்புக்கொட்டிக் குடித்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மருந்து பலிக்கவில்லையே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

மறுநாள் அத்தாவையே கடைக்கு அனுப்பினாள். தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு வீறிட்டான். அதோடு அவள் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜட்கா வந்தது. ஏறுவதற்கு முன் அம்மா கை நீட்டினாள். தம்பி அத்தா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"உனக்கு நல்லா வேணும்," என்றேன் நான்.

"ஆமாம்மா. தம்பியைப் பாத்துக்க," என்றாள். எட்டு மாதம் கழித்து, மூச்சு அடங்கி, மையத்தாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

தம்பிக்கு எந்த நோயும் ஒட்டவில்லை, அல்லாஹ் காத்தான். நான் என் முதல் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த நாளில்தான் மறுபடி மூசாம்பரத்தைக் கையில் எடுத்தேன். அதன் நெடி வேறு, கருப்பட்டியின் வாசம் வேறு. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான், என் திருட்டுத்தனத்தைச் சாக்காக வைத்து, அந்த ஒரு தடவை கொடுத்திருக்கிறாள். நானோ அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்து, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.