சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்ட வேடியப்பன்

லாரி ஓனர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வந்தார்கள். யாரைப் பற்றி என்றேன்.

"உங்களப் பத்தித்தாங்க. எப்பிடி முன்னுக்கு வந்தீங்கன்னு."

அது ஜில்லாவுக்கே தெரிந்த கதை. மூணாங்கிளாஸோடு நின்றவன், நைனார்பாளையத்தில் வெல்ல மூட்டை தூக்கியவன், இன்றைக்கு நாலு லாரிக்குச் சொந்தக்காரன். ஒருத்தன் காலையும் பிடிக்காமல் வந்தவன். இதற்கு எதற்கு நாலு பக்கம்? என் டிரைவர் வேடியப்பனைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். செயலாளர் சிரித்தார்.

"டிரைவரப் பத்தி எழுதி இன்னா பண்றதுங்க? மலர்ல ஓனருங்க படந்தான் போடுறோம்."

எனக்கு அங்கேயே கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மலை ஏத்தத்தில் லாரியை ஓனரா தூக்கிக்கொண்டு போகிறான்? இதைப் போடாவிட்டால் என் படத்தையும் எடுத்து விடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை.

வேடியப்பன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலை ஏத்தத்தில் பாதி தாண்டினால், ரோட்டிலிருந்து பிரிகிற ஒற்றையடிப் பாதையில் அவன் வூடு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் லோடு இறக்கக் கூலிக்கு வந்தான். இறக்கி முடித்துவிட்டுப் போகாமல் வண்டியையே சுற்றி வந்தான்.

"இன்னாடா பாக்குற?"

"பின் சக்கரத்துல ஒண்ணு தனியா பேசுதுங்க."

குனிந்து பார்த்தால் இரண்டு நட்டு கழன்று கிடக்கிறது. அன்றைக்கே கிளீனராகச் சேர்த்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். ஆள் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அவன் அடித்ததில்லை. குடி இல்லை, பேச்சும் இல்லை. அவன் பேசாதவன் என்பதுதான் எனக்கு எரிச்சல். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய வண்டி வாங்கினேன். வடக்கே பனி மலையில் ஆப்பிள் ஏற்றிய வண்டி. அதனால் கேபினில் ஹீட்டர் இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ரேடியேட்டர், பின்னால் ஒரு ஃபேன். இஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு ஹோஸில் உள்ளே வந்து இன்னொரு ஹோஸில் திரும்பிப் போகும். கள்ளக்குறிச்சியில் இது எவனுக்கு வேண்டும்? நான் அதை மறந்தே போனேன்.

இந்தச் சித்திரையில் வெள்ளிமலை சிமெண்ட் கடைக்காரர் வூட்டுக் கல்யாணம். லோடு போகிற வண்டியிலேயே நானும் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி ஏத்தம் தொடங்கியதும் வேடியப்பன் கையை நீட்டி எதையோ திருகினான். என் முழங்காலில் அடுப்பு வாய் திறந்த மாதிரி அனல் அடித்தது.

"டேய், இன்னாடா இது?"

"ஹீட்டருங்க."

"சித்திரை மாசத்துலயா? பைத்தியமாடா உனக்கு?"

"ஏத்தத்துல இப்பிடித்தாங்க போவேன்" என்றான். அவ்வளவுதான். என் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. ஹீட்டரை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினான். இரண்டு வளைவு தாண்டியதும் இஞ்சின் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது. உடனே மறுபடியும் திருகினான். என் பேச்சை மீறி என் வண்டியிலேயே!

கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மறுநாள் லாரிக் கொட்டகையில் நானே பேனட்டைத் திறந்தேன். மெக்கானிக் எதற்கு? எனக்குத் தெரியாத இஞ்சினா? ஹீட்டர் ஹோஸ் ஒன்றைக் கிளிப் கழற்றி உருவினேன். இன்னொன்று வரவில்லை, கத்தியால் ஓரத்தை அறுத்தேன். இஞ்சின் பக்கம் ஹோஸ் மாட்டுகிற மூக்கு இரண்டும் திறந்து நின்றன. கரும்புக் கொல்லைக்குப் போட்ட சொட்டுநீர் பைப்பு மிச்சம் கிடந்தது. அதில் ஒரு முழம் வெட்டி, ஒரு மூக்கிலிருந்து இன்னொரு மூக்குக்கு வளைத்து மாட்டினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

வேடியப்பன் வந்து குனிந்து பார்த்தான்.

"இது கொல்லைக்குப் போடுற பைப்புங்க. சுடுதண்ணி தாங்காது."

"எனக்குச் சொல்றியா?"

"இத்தப் போட்டுக்கினு நான் ஏத்தம் ஏற மாட்டங்க."

"அப்ப எறங்குடா."

சாவியை என் கையில் கூடக் கொடுக்கவில்லை. பேனட் மேல் வைத்துவிட்டு, மூலையில் நான் வீசிய இரண்டு ஹோஸையும் கிளிப்புகளையும் பொறுக்கி ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு போனான். குப்பை பொறுக்குகிறான் பார் என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் சிமெண்ட் லோடு. அறுபத்தெட்டு வயசில் நானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். இந்த வயசில் நூற்றெண்பது மூட்டையோடு அந்த மலை ஏறுகிறவனை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்! பாதி ஏத்தம் வரைக்கும் ஏறினேன். அங்கே டமார் என்று ஒரு சத்தம், கண்ணாடி முழுக்கப் புகை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பேனட்டைத் திறந்தால் என் பைப்பு அவித்த கத்தரிக்காய் மாதிரி தொங்குகிறது. ரேடியேட்டர் தண்ணீர் முக்கால்வாசியும் ரோட்டில்.

இந்தச் சூட்டில் இஞ்சின் இறுகிவிட்டால் வண்டி இரும்புக் கடைக்குத்தான். வேடியப்பனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மேலே பைக்கில் போனவன் ஒருத்தனை நிறுத்தி, "வேடியப்பன் வூடு தெரியுமா?" என்றேன். கேட்கும்போதே என் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அரைமணி நேரத்தில் வந்தான். தோளில் அதே கோணிப்பை. பேனட்டுக்குள் குனிந்து பார்த்தான். நான் ரோட்டோர ஊற்றிலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன், ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன்.

"கைய எடுங்க!"

பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"மூஞ்சி வெந்துடும். சூட்டுல பச்சத்தண்ணி ஊத்துனா இஞ்சின் ஹெட்டும் வெடிச்சிடும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். என்னை உட்கார் என்று சொல்லி நான் உட்கார்ந்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஒரு மணி நேரம் இஞ்சினும் ஆறவில்லை, நானும் ஆறவில்லை.

பிறகு மூடியில் துணி போட்டு மெதுவாகத் திறந்தான். அடியில் மிஞ்சிய சுடுதண்ணீரைத் தகர டப்பாவில் பிடித்து ஹோஸ் நுனியை அதில் முக்கினான். ரப்பர் இளகியதும் மூக்கில் வழுக்கிக்கொண்டு ஏறியது. நான் அறுத்த ஹோஸ் இரண்டு அங்குலம் கம்மி. இழுத்துப் பிடித்து மாட்டினான். திருப்புளி இல்லை. இரண்டு ரூபாய்க் காசைக் கிளிப் திருகில் வைத்து முறுக்கினான். ஹீட்டர் குழாயைத் திறந்து வைத்து, காற்று அடைக்காமல் சிறுகச் சிறுகத் தண்ணீர் ஊற்றினான். சாவி போட்டதும் இஞ்சின் கிளம்பியது.

"ஏறுடா, ஓட்டு" என்றேன்.

"என்ன எறங்கச் சொன்னீங்களே. நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன்."

ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டான். அப்போதுதான் வாயைத் திறந்தான்: "இஞ்சின் சூட்டுல பாதிய நம்ம கால் வாங்கிக்கும். முள்ளு ஏறாது."

மூன்று வருஷமாக ஏத்தத்துக்கு ஏத்தம் இந்த அனலில் கால் வெந்தவன் இதை ஒரு நாள் எனக்குச் சொன்னானா? சொன்னால்தான் நான் கேட்டிருப்பேனா? அதை நினைக்க நினைக்க எவன் மேல் கத்துவது என்று தெரியவில்லை. வெள்ளிமலை வரை என் இரண்டு காலும் வெந்தன. முள் நடுவை விட்டு நகரவில்லை.

லோடு இறக்கியதும் சொன்னேன். "சாவி கொட்டகை ஆணியில மாட்டி வெச்சிருப்பேன். வேணும்னா எடுத்துக்க."

"பாக்கலாங்க."

"யாரப் பாத்துடா பாக்கலாம்ன்ற?"

அவன் கோணிப்பையை மடித்துக்கொண்டு வூட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

வீட்டில் என் சம்சாரம் செல்லியம்மாள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "மலை மேல தீ மிதிச்சிட்டு வந்தியா?" என்றாள். அவளையும் திட்டினேன். ஒன்பது நாள் சாவி ஆணியில் தொங்கியது. வேலை கேட்டு வந்த டிரைவர் இரண்டு பேரை வாசலோடு விரட்டினேன். அடுத்த லோடு ஏற்றி வண்டி கொட்டகையில் நிற்கிறது.

பத்தாம் நாள் காலையில் கொட்டகை காலி. ஆணியில் சாவி இல்லை. தெரு கூடுகிற மாதிரி கத்தினேன். பிறகு போன் போட்டேன். எடுத்தான்.

"சொல்லாம எடுத்துக்கினு போறியே, வண்டி உன்னுதாடா?"

"உங்களுதுதாங்க. சொன்னா நானும் வர்றேம்பீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதலாளியிடம் பேசுகிற பேச்சா இது என்று பிடித்துக்கொண்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏத்தம் வந்துடுச்சு, வெக்கிறங்க" என்றான்.

போன் அடங்கும் முன்னால் ஹீட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.