ஆறாவது ஏ.சி.

வலையபட்டியில் அந்தப் பெரிய வீட்டுக்கு ஆறு பங்காளிகள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. அங்கே நடக்கவிருந்த அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து தங்குவது என்று முடிவானதும் ஒருவர் தன் அறையில் ஏ.சி. மாட்டினார். ஒருவர் மாட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வயரிங் வேலை சகாய ஆண்டனிக்கு வந்தது. தங்கை மரிய அனிதாவும் கூடப் போனாள்.

அனிதா அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. படிப்பு முடிந்தும் வேலை அமையவில்லை. அதுவரை அண்ணனுக்கு ஒத்தாசை. போகிற இடத்திலெல்லாம் ஆண்டனி, “என் தங்கச்சி, பி.எஸ்சி. பிசிக்ஸ்” என்று சொல்லிவைப்பான். அவளுக்குக் கூசும்.

மூத்த பங்காளி வீட்டு மெய்யம்மை ஆச்சிதான் முதலில் கேட்டார். “ஏம்மா, ஆளாளுக்கு மாட்டுறாகளே, என் ரூமுக்கு வர்ற கரண்டு கொறஞ்சுபோகாதா?”

“கொறயாது ஆச்சி. எல்லாம் பக்க இணைப்பு. எல்லா ரூமுக்கும் ஒரே வோல்டேஜ்தான்.”

பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பதில் அது. ஆனால் மீட்டரிலிருந்து வரும் பழைய மெயின் ஒயரை மாற்ற வேண்டும் என்று ஆண்டனி சொன்னபோது, அதே பதில் அவனுக்கு எதிராக நின்றது. ஏ.சி. அவரவருடையது, மெயின் ஒயர் பொது. பொதுச் செலவுக்கு ஆறு பேரும் ஒத்துவரவில்லை. “படிச்ச பிள்ளையே ஒண்ணும் ஆகாதுங்குது. நீ வேலையை இழுக்கப் பாக்குற” என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த பங்காளி முத்துக்கருப்பன். ஆண்டனி தங்கையைப் பார்த்தான். அவள் குனிந்து கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கினாள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் மதியம் ஆறு ஏ.சி.யும் ஓடின. ஃபியூஸ் போயிற்று. முத்துக்கருப்பனின் டிரைவர், சூடேறினால் உருக வேண்டிய மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டார். அதன்பிறகு ஃபியூஸ் போகவேயில்லை. ஆனால் ஏதோ ஒரு ஏ.சி. உறுமும்போதெல்லாம் கூடத்து விளக்கு மங்கியது.

அனிதா மெயின் ஒயரோடு போர்டுக்கு மேலே ஏறிய குழாயில் கை வைத்தாள். சுட்டது. பாடத்தில் ஒயர் என்று வரைந்த கோட்டுக்கு மின்தடை கிடையாது. இந்த ஒயருக்கு உண்டு. ஒவ்வொரு ஏ.சி.யும் மின்சாரத்துக்கு இன்னொரு வழி. வழி கூடக்கூட மொத்தத் தடை குறையும், மின்னோட்டம் கூடும். அத்தனையும் இந்த ஒற்றை ஒயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அது ஏறிப்போவது தேக்குக் கூரைக்கு. அதன் கீழே குழந்தைகள் படுத்திருந்தார்கள்.

“ஐயா, நாலு ஏ.சி.யை நிப்பாட்டச் சொல்லுங்க. ஒயரு கொதிக்குது.”

“யாரு நாலு?” என்றார் முத்துக்கருப்பன்.

“மொதல்ல மாட்டுனது நாங்க” என்றது ஓர் அறை.

“அப்பக் கடைசியா மாட்டுனவுக வேர்த்துக்கிட்டே கெடக்கணுமாக்கும்?” என்றது இன்னொன்று. எங்கோ சிரித்தார்கள்.

“நீதானம்மா பக்க இணைப்புன்னு சொன்ன?” என்றார் முத்துக்கருப்பன்.

“சொன்னேங்கய்யா. பாதிதான் சொன்னேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

வீடே கத்தியது. ஆண்டனி குழாயின் மூடியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே இரண்டு கம்பிகளின் மேலுறையும் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

முத்துக்கருப்பன் எட்டிப் பார்த்தார். “எரியலையே” என்றார். “காரைக்குடியிலருந்து வேற ஆளை வரச் சொல்லிக்கிறோம். நீங்க கெளம்புங்க.”

வெளியே ஆண்டனி வண்டியை உதைத்தான்.

“அண்ணே, திரும்ப மெயினைத் தூக்கி விட்டுருவாகளோ?”

“பீஸ் கட்டையக் கழட்டி எம் பையில போட்டுக்கிட்டேன்.”

“கடையில வேற கெடைக்குமே.”

அவன் வண்டியின் இன்ஜினை அணைத்தான்.

அவள் இறங்கித் திரும்பவும் உள்ளே போனாள். தான் செய்தது சரியா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. எரிந்திருந்தால்தானே தெரியும்? போர்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னும் போகலையா நீ?” என்றார் மெய்யம்மை ஆச்சி, முந்தானையால் விசிறிக்கொண்டு.

“புது ஆளு வரட்டும் ஆச்சி. அவர்கிட்ட முழுசாச் சொல்லிட்டுப் போறேன்.”

ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே ஒரு குழந்தை வேர்த்து விழித்து அழ ஆரம்பித்தது.