பசை தடவாத தொட்டில்

காக்ஸ் டவுனில் தம் வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறையாக்கிக்கொண்ட சில்வெஸ்டர், ஓய்வு பெறும் வரை ஒரு தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். இருமுறை கருக்கலைந்த மகள் லவினா, மூன்றாம் முறை ஏழாம் மாதத்தை எட்டியதும், அவர் தேக்கில் தொட்டில் செய்யத் தொடங்கினார்.

“பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டிலை முடிக்காதீங்க,” என்றாள் மனைவி நோரா.

“முடிச்சே வைங்க டாடி. எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டே இருக்கறது?” என்றாள் லவினா.

சில்வெஸ்டர் இருவருக்கும் இசைந்தார். பொருத்துகளில் பசை தடவாமல், சட்டங்களை இறுக்கமாகச் செருகி மட்டும் தொட்டிலை நிறுத்தினார். லவினா அதை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“வெறும் தொட்டிலை ஆட்டாதேடி!” என்று நோரா அதட்டினாள். பசை இல்லாததைச் சில்வெஸ்டர் மகளிடம் சொல்லவில்லை.

குழந்தை உயிரின்றிப் பிறந்தது.

“அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதைப் பிரிச்சுடுங்க மாமா,” என்று மருமகன் டெரிக் மருத்துவமனையிலிருந்து போனில் அழுதான். பிரிப்பதற்கு ரம்பமோ சுத்தியலோ தேவைப்படவில்லை. ஒவ்வொரு சட்டமும் இழுத்ததும் கையோடு வந்தது.

வீடு திரும்பிய லவினா நேரே பட்டறைக்குச் சென்றாள். சுவரில் சாய்த்திருந்த சட்டங்களுள் ஒன்றை எடுத்து அதன் முனையைத் தடவினாள்.

“ஒட்டவே இல்லையா டாடி?”

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

“மம்மிக்குப் பயம்னு தெரியும். நீங்களாவது நம்புறீங்கன்னு நெனச்சேன்.”

நோராவுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்த சில்வெஸ்டர், அது முழு உண்மையன்று என்பதால் பேசாமல் இருந்துவிட்டார்.