ஸ்லிப்! ஸ்லிப்!

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் எங்களுக்கு அது முதல் வசந்தம். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஹென்னிங், என்னையும் மனைவியையும் கடலுக்குக் கூட்டிப்போனார். இடுப்பளவு கடலில் நின்று, இறகில் செய்த பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிப்பதில் அவருக்குப் பைத்தியம். எனக்கோ மீன் கிடைத்தால் போதும். மனைவியின் வயிற்றில் பிள்ளை. கடையில் வாங்கும் உறைந்த மீன் அவளுக்குக் குமட்டியது.

நான் வீசிய தூண்டில் முதலில் என் தொப்பியில் கொளுவியது, பிறகு ஹென்னிங்கின் தொப்பியில். கடைசியில் ஒரு மீனிலும் கொளுவியது! துள்ளிய மீனைக் கையில் ஏந்தினேன்.

"ஸ்லிப்! ஸ்லிப்!" என்றார் ஹென்னிங்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஸ்லிப் என்றால் வழுக்குவது. மீன் வழுக்கப்போகிறது என்று எச்சரிக்கிறாராக்கும் என நினைத்து, அதை நெஞ்சோடு அணைத்தேன். அவர் கத்தக் கத்த நான் இன்னும் இறுக்கினேன்.

டேனிஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி கரையிலிருந்து கூவினாள்: "இஞ்சாருங்கோ! அவர் விடச் சொல்லுறார். அது குஞ்சு மீனாம்!"

விட்டேன். அது வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று ஹென்னிங் பிடித்த பெரிய மீன் எங்கள் வீட்டுச் சட்டியில் சொதியாகக் கொதித்தது. அவரும் கோப்பை கோப்பையாகக் குடித்தார்.

அந்த வயிற்றுப் பிள்ளை வளர்ந்து சைக்கிள் பழகியபோது, சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன்.

"ஸ்லிப், அப்பா! ஸ்லிப்!" என்று கத்தினாள்.

இந்தமுறை அர்த்தம் தெரிந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சத் தூரம் பிடித்துக்கொண்டேதான் ஓடினேன்.